ரெண்டு சர்வர், ஒரு சந்தேகம்

நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சர்வரை பிரைமரி, செகண்டரின்னு ஜோடி போட்டாச்சு. ஹார்ட்பீட் நின்னா செகண்டரி தானாவே பொறுப்பெடுக்கணுமா? வேண்டாம்னுதான் நான் சொல்வேன். பிரைமரி செத்துடுச்சா, நடுவுல லிங்க் போச்சான்னு செகண்டரிக்குத் தெரியாது. ரெண்டும் ‘நான்தான் பிரைமரி’ன்னு கிளம்பினா, ரெண்டு டேட்டாபேஸும் தனித்தனியா எழுத ஆரம்பிச்சிடும். அதை ஒண்ணு சேர்க்கிறது கொடுமை.

2018 அக்டோபர்ல கிட்ஹப்புக்கு லிங்க் போனது 43 விநாடி. ஃபெயில்ஓவர் தானா நடந்துச்சு. எல்லாம் சீராக 24 மணி 11 நிமிஷம் ஆச்சு.

நம்ம சர்வர் படுத்தாலும் ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் ஓடிட்டேதான் இருக்கும். போறது நம்ம கண்ணு மட்டும்தான். பத்து நிமிஷம் தாங்கலாம். ஒருத்தர் லாகின் பண்ணி, பிரைமரி நிஜமாவே போச்சான்னு பார்த்துட்டு மாத்தட்டும்.

ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா, மூணாவதா ஒரு சாட்சி சர்வர் வைங்க. பிரைமரி ரேக்லயே வெச்சுடாதீங்க. கரண்ட் போனா சாட்சியும் சேர்ந்து போயிடும்.