சின்னக் கல் போதும்!

நடுவர் அவர்களே! 'நம்மைப் பெரிதும் வீழ்த்துவது கண்ணுக்குத் தெரிகிற பெரிய ஆபத்தா, கண்ணில் படாத சின்ன ஆபத்தா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் டைட்டானிக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். "1912-இல் அந்தக் கப்பலைக் கவிழ்த்தது பனிமலைதானே?" என்று கேட்டார். ஒத்துக்கறேன். நான் உங்களை அதைவிடக் குளிரான இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். சால்வை இருந்தா போர்த்திக்குங்க! (சிரிப்பு)

1989 ஜனவரி 28. அண்டார்டிகா. ஆன்வர்ஸ் தீவில் அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையம். அதன் பக்கத்திலே 'பாயியா பாராயிசோ' என்ற அர்ஜென்டினக் கப்பல் போகிறது. பனிக்கடலுக்கென்றே கட்டிய கப்பல். நீளம் 130 மீட்டருக்கு மேல். உள்ளே சுற்றுலாப் பயணிகளையும் சேர்த்து 300 பேருக்கு மேல். பனிமலையா இடித்தது? இல்லைய்யா! தண்ணிக்குள்ளே ஊசி மாதிரி நின்ற ஒரு பாறை, அடிவயிற்றைக் கிழித்துவிட்டது.

நல்லவேளை, அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் சுமார் 6 லட்சம் லிட்டர் டீசல் கடலில் கொட்டியது. பாறையில் ஒட்டி வாழ்கிற சின்ன உயிர்களும் கடற்பறவைகளும் செத்தன. அதுங்க என்ன பாவம் செஞ்சுதுங்க?

பனிமலை ரேடாரிலே தெரியும். மூழ்கிய பாறை தெரியாது. ஆழம் காட்டும் கருவி இருக்கே என்பீர்கள். சாதாரணக் கருவி கப்பலுக்கு நேர் கீழே உள்ள ஆழத்தைத்தான் சொல்லும். முன்னால் நிற்பதைச் சொல்லாது. ஊசிப்பாறையோ ஆழமான இடத்திலே திடீரென்று எழுந்து நிற்கும். அது இருப்பது தெரிவதற்குள் கப்பல் அதன்மேல் ஏறியிருக்கும்! அண்டார்டிகக் கடலின் பெரும்பகுதி இன்றைக்கும் நவீன முறையில் அளக்கப்படவில்லை.

நம்ம வீட்டையே எடுத்துக்குங்க. பெரிய கடன் வந்தா புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நிக்கிறாங்க. சண்டை எதிலே ஆரம்பிக்குது? ஈரத்துண்டைக் கட்டில்மேலே போட்டதிலே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

1992-93-இல் அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் சேர்ந்து மிச்ச எண்ணெயை எடுத்தன. கப்பல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. பாறையிலே மோதிய கப்பல், இப்போ மற்றவர்கள் பார்த்து ஒதுங்க வேண்டிய இன்னொரு பாறை ஆகிவிட்டது!

பெரிய ஆபத்துக்கு நாம் காவல் போடுகிறோம். சின்னதை அளந்துகூடப் பார்ப்பதில்லை. வள்ளுவர் 'பொச்சாவாமை'க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது சும்மாவா? பாறை கப்பலைத் தேடி வரவில்லை ஐயா; இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே, வீழ்த்துவது சின்ன ஆபத்தே என்று தீர்ப்புத் தாருங்கள்.