பந்தய விதியும் நடுநிலையும்

மற்போரில் எடை பார்த்து வீரர்களை எதிர் நிறுத்துகிறோம். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலோ எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புப் பிரிக்கின்றனர். அந்த ஓர் அளவுகோல் போதுமா?

1967-ஆம் ஆண்டு உலகப் பந்தயத்தின் மிகச் சிறிய வகுப்புக்கு வரம்பு 50 கன சென்டிமீட்டர். சுசூக்கி நிறுவனம் அவ்வரம்பை மீறவில்லை. ஆயினும் அச்சிறு அளவையே இரு சிலிண்டர்களாகப் பகுத்தது. சிறிய சிலிண்டர் மிக விரைந்து இயங்கும், ஆற்றல் மிகும். அவ்வாற்றலோ குறுகிய வேக எல்லைக்குள்தான் கிட்டும். ஆகவே 14 கியர்கள் தேவைப்பட்டன! 1969 முதல் ஒரே சிலிண்டர், ஆறே கியர் என்று விதி வகுத்தனர்.

அறிவுக்கு விலங்கிடுவது முறையா என்று கேட்கலாம். புதுமை காண்பது பெரிய நிறுவனங்களின் பணி. சொந்தப் பணத்தில் வண்டி வாங்கி, ஓய்வு நேரத்தில் தானே பழுதுபார்த்து ஓட்டும் இளைஞன் அவற்றோடு எங்ஙனம் போட்டியிடுவான்? பொழுதுபோக்குப் பந்தயத்திற்கு இவ்விதி இன்னும் இன்றியமையாதது.

மற்றொன்றும் உண்டு. இலேசான வண்டியில் 75 கிலோ எடையுள்ளவன் 50 கிலோ எடையுள்ளவனைவிட மெல்லவே வேகம் பெறுவான். வண்டியையும் வீரனையும் சேர்த்து நிறுத்துக் குறைந்தபட்ச எடை விதிப்பதே இதற்கு மருந்து.

விதி அனைவரையும் ஒன்றாக்க வேண்டுவதில்லை. பணமும் உடலெடையும் தரும் முன்னிலையைக் குறைத்து, வெற்றியைத் திறமையிடம் ஒப்படைத்தால் போதும்.