வரி இல்லை என்பவர்களும் வழக்குப் போடும் சர்க்காரும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



போன கூட்டம் முடிந்து நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு வாலிபத் தோழர் வந்து என்னிடம் ஒரு கேள்வி போட்டார். "ஐயா, எதையும் ஏன், எதற்கு என்று கேள் என்று நீங்கள் ஊர் ஊராகச் சொல்லுகிறீர்கள். அமெரிக்காவில் சில பேர் 'எங்களை வருமான வரி கட்டச் சொல்லும் சட்டம் எங்கே, காட்டு' என்று சர்க்காரைக் கேட்டார்கள். அவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அவர்களும் நம்மைப் போன்ற பகுத்தறிவுக்காரர்கள்தானே?" என்றார். பஸ் வந்துவிட்டபடியால் பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வழக்குகளைப் படித்துப் பார்த்தேன். அந்தத் தோழர் இன்றும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இன்று அதையே பேசிவிடுகிறேன்.

முதலில் அந்த வரி வந்த கதையைப் பாருங்கள். முன் காலத்தில் அந்நாட்டு மத்திய சர்க்காருக்குப் பணம் பெரும்பாலும் இறக்குமதித் தீர்வையிலும், சாராயம், புகையிலை மீது போட்ட தீர்வையிலும்தான் வந்தது. அதாவது ஏழை ஒரு சாமான் வாங்கினால் அதன் விலைக்குள்ளேயே வரியும் ஒளிந்திருக்கும். கோடீஸ்வரனுடைய வட்டிக்கும் லாபத்துக்கும் வரி கிடையாது. இது அநியாயம் என்று தெற்கிலும் மேற்கிலும் இருந்த குடியானவர்கள் கூச்சல் போட்டதன் பேரில், 1894-ல் வருஷம் 4,000 டாலருக்கு மேல் வருமானமுள்ளவர்களுக்கு நூற்றுக்கு 2 வீதம் வரி என்று சட்டம் செய்தார்கள். மறு வருஷமே, ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து பேர் ஒரு பக்கம் சேர்ந்து அது செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். வரி வேண்டும் என்றவர்கள் என்ன செய்தார்கள்? 'தீர்ப்பே கிடையாது, எழுத்துப் பிழை' என்று சொல்லித் திரிந்தார்களா? இல்லை. பதினெட்டு வருஷம் பாடுபட்டு, 1913 பிப்ரவரியில் அரசியல் சட்டத்தையே 16-வது தடவையாகத் திருத்தினார்கள். ஆகவே தோழர்களே, இன்று சிலர் ஏழையைப் பிடித்த பேய் என்று சொல்லுகிற இந்த வரி, ஆதியில் ஏழைகள் கேட்டு வாங்கிய வரி.

அந்த வருஷத்துச் சட்டப்படி 3,000 டாலர் வரைக்கும் வரியே கிடையாது. அதற்கு மேல் நூற்றுக்கு ஒன்றுதான் ஆரம்பம். பெரும்பாலான ஜனங்களுக்கு அது எட்டாத உயரம். இரண்டாவது உலக யுத்தத்தில்தான் அது எல்லோர் வீட்டுக்கும் வந்தது. 1943 முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. அப்புறம் முணுமுணுப்புக்குக் கேட்கவா வேண்டும்? முணுமுணுப்பு இருக்கிற இடத்தில் மருந்து விற்கிறவனும் வந்து சேருவான்.

அவர்கள் விற்ற மருந்துகளில் சிலதைச் சொல்லுகிறேன். ஒன்று, 16-வது திருத்தமே முறையாக நிறைவேறவில்லை என்பது. ஏனாம்? ஒவ்வொரு மாகாணமும் ஒப்புக்கொண்டு அனுப்பிய நகலில் ஓரிடத்தில் பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்து, ஓரிடத்தில் காற்புள்ளி இல்லை, ஓரிடத்தில் ஒரு வார்த்தை மாறியிருக்கிறதாம். இதற்காக 1985-ல் ஒரு புத்தகமே போட்டார்கள். மறு வருஷமே மேல் கோர்ட்டார் இதைத் தள்ளிவிட்டார்கள். மந்திரத்தில் ஓர் அட்சரம் பிசகினால் பலிக்காது என்று நம் ஊரில் சொல்லுவார்களே, அதே புத்திதான். இன்னொரு கூட்டத்தார், ஒஹையோ என்னும் மாகாணத்தை 1803-ல் சேர்த்துக்கொண்டபோது காங்கிரசில் முறைப்படி தீர்மானம் போடவில்லை, 1953-ல்தான் போட்டார்கள், ஆகையால் 1913-ல் அது மாகாணமே அல்ல என்றார்கள். சரி, அதைத் தள்ளிவிடுங்கள். திருத்தத்துக்கு வேண்டியது 36 மாகாணம், ஒப்புக்கொண்டது மொத்தம் 42. ஒன்று போனால் 41. இந்தக் கணக்குப் போட ஜட்ஜு வேண்டுமா?

ஆனால் ஒரு வாதம் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் எனக்கே கொஞ்சம் மயக்கம் வந்தது. கூலி என்பது வருமானமே அல்ல என்கிறார்கள். வியாபாரி பத்துக்கு வாங்கிப் பன்னிரண்டுக்கு விற்றால் இரண்டு லாபம். கூலிக்காரனோ எட்டு மணி நேர உழைப்பைக் கொடுத்து அதற்குச் சமமான பணத்தை வாங்குகிறான். இது பண்டமாற்று, இதில் லாபம் எங்கே? வயலில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது நியாயமாகத்தான் படும். உழைப்பவனிடம் வரி வாங்கக்கூடாது என்று நீங்கள் போராடினால் அது ஒரு கொள்கை. நானும் உங்களோடு நின்று யோசிப்பேன். ஆனால் 'வாங்கக்கூடாது' என்பது வேறு, 'சட்டத்தில் வாங்கச் சொல்லவில்லை' என்பது வேறு. அந்நாட்டுச் சட்டம் செய்த வேலைக்குப் பெறும் ஊதியமும் வருமானமே என்று எழுத்தில் வைத்திருக்கிறது. முன்னது ஆசை, பின்னது பொய். ஆசையைக் காட்டிப் பொய்யை விற்பதுதான் புரட்டு.

இதில் சிக்கியவர்களில் ஜான் சீக் என்பவர் ஒருவர். பெரிய விமானக் கம்பெனியில் விமானி, படித்தவர். வரி மறுப்புக் கூட்டங்களுக்குப் போய், கூலி வருமானம் அல்ல என்று நம்பி, 1980 முதல் கணக்கு கொடுப்பதையே விட்டுவிட்டார். சம்பளத்தில் பிடித்தம் குறைய 60 கழிவுகள் வரை கேட்டு எழுதிக் கொடுத்தார். 1987-ல் சர்க்கார் அவர் மேல் குற்றம் சாட்டியது. கீழ்க்கோர்ட்டில் ஜட்ஜு ஜூரிகளிடம், 'நம்பிக்கை நியாயமானதாக இருந்தால்தான் தப்பலாம்' என்று சொல்லி, ஜூரிகள் தண்டித்தார்கள்.

1991-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வரிக் குற்றத்தில் ஒருவனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமானால், கடமை உண்டென்று தெரிந்தே அவன் மீறினான் என்பதைச் சர்க்கார்தான் ருசுப்படுத்த வேண்டும். ஒருவன் சட்டத்தை உண்மையாகவே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தாலும் அவன் குற்றவாளி அல்ல. ஆனால் 'சட்டம் இருப்பது எனக்குத் தெரியும், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நினைக்கிறேன், ஆகையால் கட்டவில்லை' என்றால் அது சாக்காகாது. ஏனென்றால் அப்படிச் சொல்லுகிறவன் சட்டத்தைப் படித்துத் தெரிந்தவன். அவன் பணத்தைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், கோர்ட்டு வாசல் திறந்தே இருக்கிறது. எனக்கு இந்தப் பிரிவினை ரொம்ப நியாயமாகப் படுகிறது. முட்டாள்தனத்துக்கு ஜெயில் கூடாது. நம் ஊரில் அதற்கு ஜெயில் என்றால் எவ்வளவு பெரிய ஜெயில் கட்ட வேண்டியிருக்கும்! நிற்க. வழக்கு மறுபடி விசாரணைக்குப் போயிற்று. சீக் ஏற்கெனவே பல வழக்குகள் போட்டு, 'உம்முடைய வாதம் வெறும் வாதம்' என்று கோர்ட்டுகளே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தன. ஆகவே ஜூரிகள் இரண்டாம் தடவையும் அவரைக் குற்றவாளி என்றுதான் சொன்னார்கள்.

இன்னொரு வழக்கு 2003-ல் மெம்பிஸ் நகரத்தில் நடந்தது. சரக்கு விமானம் ஓட்டும் ஓர் அம்மாள், 'நான் கட்டவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது?' என்று வரி இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். தக்க பதில் வரவில்லை என்றார். ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். வரி மறுப்புக்காரர்கள் வெற்றி, வெற்றி என்று கொண்டாடினார்கள். ஆனால் விடுதலையானது ஜெயிலிலிருந்துதான், வரியிலிருந்து அல்ல. பாக்கியை அந்த அம்மாள் பிறகு தீர்க்கத்தான் வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவருக்கு சர்க்கார் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று நான் நினைக்கிறேன். இப்போது அந்த இலாகாவே இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கோர்ட்டு எப்போது தள்ளியது என்று விளக்கமாக வெளியிட்டு வருகிறது. இது நல்ல காரியம்.

மருந்து விற்றவர்கள் கதி என்ன? சினிமா நடிகர் வெஸ்லி ஸ்னைப்சுக்கு ஒரு கூட்டத்தார், அந்நிய தேசத்திலிருந்து வரும் வருமானத்துக்குத்தான் வரி என்று போதித்தார்கள். அவர் கட்டிய வரியில் 70 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டே எழுதினார். 2008-ல் ஜூரிகள் பெரிய குற்றங்களிலிருந்து அவரை விட்டுவிட்டு, மூன்று வருஷத்துக் கணக்கு கொடுக்காத குற்றத்துக்கு மட்டும் தண்டித்தார்கள். மூன்று வருஷம் ஜெயில். அவருக்குப் போதித்தவருக்குப் பத்து வருஷம். இது சரியான தராசு.

இர்வின் ஷிப் என்பவர் விஷயம்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பல வருஷம் வரி இல்லை என்று புத்தகம் எழுதி விற்று, ஒரு தடவைக்கு மேல் ஜெயிலுக்குப் போய், கடைசியாக 2006-ல் 12 வருஷத்துக்கு மேல் தண்டனை பெற்று, 2015-ல் 87-வது வயதில் காவலிலேயே செத்தார். 2003-ல் ஒரு கோர்ட்டு அவருடைய புத்தகமொன்றை அவர் விற்கக்கூடாது என்றும் தடுத்தது. ஜனங்களை ஏமாற்றும் வியாபாரம் என்பது காரணம். ஏமாற்றுக்குத் தண்டனை கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. புத்தகத்தைத் தடுப்பது என்பதை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. தப்பான புத்தகத்துக்கு மருந்து, சரியான புத்தகம்தான்.

இனி தோழர் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு வாடகைத் தகராறு வந்தது. பழைய சட்டப் புத்தகமொன்றில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வக்கீல்களுக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பேசினேன். பள்ளிக்கூடம் போகாமல் தானாகப் படித்தவனுக்கு அதில் ஒரு தனி இறுமாப்பு உண்டு. ஒரு வயதான வக்கீல் சிரிக்காமல், கோபிக்காமல், அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் பிடித்த வரிக்கு விலக்கு அங்கே இருந்தது. மறு மாதம் வாடகையைக் கட்டிவிட்டேன். அமெரிக்கக்காரர்களும் அப்படித்தான், வரி முறையை 'தாமாகச் செய்வது' என்று சுப்ரீம் கோர்ட்டு 1960-ல் சொன்ன பாதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கைக் குடிமகன் முதலில் தானே போடுகிறான் என்பதே அதன் அர்த்தம். இஷ்டமிருந்தால் கட்டு என்பதல்ல. அவர்களுக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்கள் கேள்வி கேட்டதில் எனக்குக் குறையில்லை. பதில் வந்தபோது எழுந்து போய்விட்டார்களே, அதைத்தான் குறை சொல்லுகிறேன்.

தோரோ என்ற அறிஞர் 1846-ல், அடிமை முறையையும் மெக்சிகோ யுத்தத்தையும் நடத்தும் சர்க்காருக்குத் தலைவரி கொடுக்கமாட்டேன் என்று ஓரிரவு ஜெயிலில் இருந்தார். சட்டம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது, அது அநியாயத்துக்கு உதவுகிறது, தண்டனையைக் கொடு என்றார். அவரை நான் வணங்கமாட்டேன், மதிக்கிறேன்.

மணி ஒன்பதாகிறது. முன் வரிசைத் தோழர் ஏதோ காகிதத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். எழுந்திருங்கள் தோழரே, எங்கே தப்பு என்று சொல்லுங்கள். இன்று பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.