உண்மையை மறுபடி எடைபோடும் மன்றம்



உரிமையியல் வழக்கைத் தொடுப்பதற்குத் தனிச்சட்டம் எதுவும் தேவையில்லை. மேல்முறையீடு செய்வதற்கோ சட்டம் வெளிப்படையாக வழிவகுத்திருக்க வேண்டும். அவ்வாறு சட்டம் வழங்கிய உரிமை வழக்கு தாக்கலான நாளிலேயே தரப்பினர்க்கு உரித்தாகிவிடுகிறது என்றும், வெளிப்படையாகவோ தவிர்க்க இயலாத உட்கிடையாகவோ பறிக்கப்பட்டாலன்றிப் பிந்தைய சட்டத்தால் அது அழியாது என்றும் உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டின் கரிகபாடி வீரய்யா வழக்கில் நிலைநாட்டியது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, தரப்பினரின் உரிமைகளை அறுதியாகத் தீர்மானிக்கும் ‘தீர்ப்பாணை’மீது முதல் மேல்முறையீட்டுக்கு இடமளிக்கிறது; இருதரப்பும் இசைந்து பெற்ற தீர்ப்பாணைக்கு அந்த இடம் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதாயின் 90 நாள்களும், பிற நீதிமன்றங்களுக்கு 30 நாள்களும் காலவரம்பாகும். சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலம் இக்கணக்கிலிருந்து கழிக்கப்படும். போதிய காரணம் காட்டப்பட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தாமதத்தைப் பொறுத்தருளவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனினும், மேல்முறையீட்டைத் தாக்கல் செய்வதாலேயே தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நின்றுவிடுவதில்லை; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளையின் 5ஆம் விதிப்படி தடையாணை தனியே கோரிப் பெறப்பட வேண்டும்.

முதல் மேல்முறையீட்டில் சட்டமும் சங்கதியும், அதாவது விதியின் பொருளும் நடந்தது என்ன என்ற கேள்வியும், முழுமையாகத் திறந்திருக்கின்றன. தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள், மேல்முறையீட்டாளர்க்கு உரிய பரிகாரம் ஆகியவற்றைத் தீர்ப்பில் எழுத வேண்டும் என அதே 41ஆம் கட்டளையின் 31ஆம் விதி கட்டளையிடுவதால், ‘கீழ் நீதிமன்றத்தின் முடிவு சரியே’ என்று ஒற்றை வரியில் முடிப்பது கடமை தவறுவதாகும். சாட்சியின் நடத்தையை நேரில் கண்டவர் விசாரணை நீதிபதியே என்பதால் அவருடைய மதிப்பீட்டுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும். அதை மாற்றுவதாயின் அவர் காட்டிய காரணங்களை நேருக்குநேர் எதிர்கொண்டு மறுக்க வேண்டும் என்பதை 2001ஆம் ஆண்டின் சந்தோஷ் ஹசாரி தீர்ப்பு வலியுறுத்துகிறது.

அடுத்த படியில் வழி குறுகுகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் கேட்கும் இரண்டாம் மேல்முறையீடு, வழக்கின் முடிவையே பாதிக்கக்கூடிய முக்கியமான சட்டப் பிரச்சினை எழுந்தால் மட்டுமே ஏற்கப்படுகிறது. அரசமைப்பின் 136ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றம் தரும் சிறப்பு அனுமதியோ உரிமையாகக் கேட்கத்தக்கதன்று. அது அந்நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது.

ஆகவே, நிலத்துக்கோ பாகப்பிரிவினைக்கோ வழக்காடும் ஒருவருடைய சாட்சியமும் ஆவணங்களும் முழுமையாக மறுபடி எடைபோடப்படும் கடைசி இடம், பெரும்பாலும், அவர் மாவட்டத்தின் சார்பு நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோ ஆகும். அவ்வாறிருந்தும், சட்ட ஆய்வு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையே பெரிதும் சுற்றிவருவது வருத்தத்துக்குரியது. சாட்சியம் தமிழில் பதிவாகும் தமிழ்நாட்டில், அதே சாட்சியம் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடப்படுவதால், சங்கதி குறித்த முடிவு சாட்சி பேசிய மொழியிலேயே மறுபரிசீலனை பெறும் வாய்ப்பு மாவட்ட அளவிலான இந்த முதல் மேல்முறையீட்டுக் கட்டத்திலேயே மிகுதியாக அமைகிறது.

மாவட்ட நீதிமன்றங்களின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைத் திரட்டி, அவை 31ஆம் விதியின் கட்டளைக்கு எவ்வளவு ஈடுகொடுக்கின்றன என்று ஆராய்வதை, மேல்முறையீட்டுச் சட்டத்தை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கு தன் முதற்பணியாக ஏற்க வேண்டும். தோற்ற தரப்பினர் தம் வாதம் கேட்கப்பட்டதை உணர்வது தீர்ப்பில் எழுதப்பட்ட காரணங்களின் வழியாகவே என்பதால், அக்காரணங்களின் தரத்தை உயர்த்தும் ஆய்வே நீதித்துறைக்கு இவ்வவை ஆற்றக்கூடிய பயனுள்ள தொண்டாகும்.