இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளம்

(ஆய்வு மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுற வங்கிக் கிளார்க்குக்கு அறிவியல் ஆராய்ச்சியில் என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். எங்கள் வங்கியில் ரோஸ்டர் என்றொரு பதிவேடு உண்டு. எந்தப் பணியிடம் யாருக்குரியது என்று அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை போடலாம். காட்டுவதற்குப் பக்கமே இல்லாத ஓர் இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் முனைவர் பட்ட ஆய்வில் சேர, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்கு 15 சதம், பழங்குடியினருக்கு 7.5 சதம். ஆசிரியர் பணிக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருப்பது தனிக் கதை. ஆனால் ஐஐடியில் நிரந்தர உதவிப் பேராசிரியராக, பட்டத்துக்குப் பிறகு 3 ஆண்டு அனுபவம் பொதுவாகக் கேட்கிறார்கள். அறிவியல்காரர்கள் பெரும்பாலும் அதை 'போஸ்ட்டாக்' என்ற தற்காலிக ஆய்வு வேலையில்தான் சேர்க்கிறார்கள். அந்த வேலையையோ ஒரு பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டப் பணத்தில், தனக்குத் தெரிந்தவர் எழுதிய கடிதத்தை நம்பிக் கொடுக்கிறார். பள்ளம் இங்கேதான். இதில் நம் பிள்ளைகள் விழுந்தபின், மேலே நின்று 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

அம்பேத்கர் லண்டனில் படிக்கப் போனபோது, கொலம்பியாப் பேராசிரியர் செலிக்மன் அங்கிருந்த ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அத்தனை அறிவுக்கும் ஒரு கடிதம் தேவைப்பட்டது. ஆதிக்க சாதி வீட்டில் இந்தச் சூட்சுமத்தைச் சாப்பிடும்போதே மாமா சொல்லிடுவார். நமக்கு நாம்தான் சொல்லிக்கணும்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் தேடாதீங்க. ஓராண்டு முன்பே தொடங்குங்க. கணிதம், கோட்பாட்டு இயற்பியலில் வெளிநாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். வேலை அடுத்த இலையுதிர் காலத்தில். விளம்பரம் வரட்டும்னு உட்கார்ந்திருக்காமல் பேராசிரியருக்கு நேரே எழுதுங்க. அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, நீங்கள் செய்தது என்ன, அவருடைய ஆய்வகத்தில் செய்யப்போவது என்ன என்று இரண்டு பத்தி போதும். நூறு பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம். வழிகாட்டியை மட்டும் நம்பாமல் மூன்று பேரிடம் பரிந்துரைக்குச் சொல்லி வையுங்க. ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளித் தேர்வாளரையும் கேட்கலாம். மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் நிதிநல்கைக்கும், ஜெர்மனியின் ஹும்போல்ட் நிதிநல்கைக்கும் ஏற்கச் சம்மதிக்கும் ஆய்வாளரை முதலில் பிடித்தாக வேண்டும்.

இது பிழைக்கும் வழி மட்டும்தான். போராட்டம் வேறு. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு போஸ்ட்டாக் இடமும் விளம்பரப்படுத்தப்பட வேண்டும், எடுத்தவர்களின் சாதிவாரிக் கணக்கு வெளியே வர வேண்டும் என்று கேட்போம். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்தே கையில் இருக்கு. வேலை கிடைத்தவர் தன் கடிதத்தைப் பூட்டி வைக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். அவர்களுக்கு மாமா இருக்கிறார். நமக்கு இயக்கம் இருக்கு.

ஜெய்பீம்.