ஐன்ஸ்டீன் உலகை மாயை என்றாரா?

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கம் சாலையில், ஆசிரமத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். நாட்டு நடப்பு பேசி முடிந்ததும் பேச்சு வானத்துக்குப் போய்விடுகிறது. ஒளி என்றால் என்ன? காலம் என்றால் என்ன? பிரபஞ்சத்துக்கு எல்லை உண்டா? மலை சுற்ற வந்தவர், தியானத்துக்கு வந்தவர், வேலை முடிந்து வந்த நம்மவர் எல்லோரும் வாதத்தில் கலந்துகொள்கிறார்கள். நல்ல காரியம்! வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப் பட்டம் வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. “எல்லாம் சார்பானது என்று ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார். உலகம் பார்ப்பவனைப் பொறுத்தது. ஆகவே உலகம் மாயை” என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஒரு படி மேலே போகிறார்: “அப்படியானால் உன் பசியும் கூலியும்கூட மாயைதானே?” நம்மவர் வாயடைத்துப் போகிறார். படித்தவர் சொல்கிறார், விஞ்ஞானியின் பெயரைச் சொல்கிறார், என்ன பதில் சொல்வது? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். 1896-இல் பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இங்கேயே மறைந்தவர் ரமணர். அவரிடத்தில் மன அமைதி தேடி வருவோரோடு நமக்குச் சண்டை இல்லை. “நான் யார்?” என்று உள்ளே நோக்கிக் கேட்பது அவர் காட்டிய வழி. ஐன்ஸ்டீன் கேட்டது வேறு கேள்வி. அதன் விடையைக் கடிகாரம் கொண்டும் அளவுகோல் கொண்டும் சோதித்துப் பார்க்கலாம். ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக இழுக்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஒளியிலிருந்து தொடங்குவோம். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றும் சுடர் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒருவர் கண்ணுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஒரு வினாடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நாற்று நடும்போது முதுகைச் சுடும் வெயில், 8 நிமிடத்துக்கு முன் சூரியனை விட்டுக் கிளம்பிய வெயில்! ஆண்ட்ரோமேடா என்ற விண்மீன் கூட்டத்தின் ஒளியோ 25 லட்சம் ஆண்டுகளாகப் பயணம் செய்து வருகிறது. அது கிளம்பியபோது நம்மைப் போன்ற மனிதர் பூமியில் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லாதபோதும் அந்த ஒளி இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவன் இருந்தால்தான் உலகம் என்பவருக்கு இது ஒன்றே போதாதா?

சரி, சார்பியல் தத்துவம் என்னதான் சொல்கிறது?

60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியிலிருந்து ஒருவர் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பந்தை எறிகிறார். சாலையில் நிற்பவருக்குப் பந்தின் வேகம் 80. இது நமக்குத் தெரிந்த கணக்கு. லாரியின் விளக்கொளிக்கும் இப்படித்தானே லாரியின் வேகம் கூட வேண்டும்? கூடுவதில்லை! லாரியில் இருப்பவர் அளந்தாலும் சாலையில் நிற்பவர் அளந்தாலும் ஒளிக்கு ஒரே வேகம்தான். பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகத்தில் வேறுபாடு வருகிறதா என்று 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் நுட்பமாகச் சோதித்தார்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை.

1905-இல் சுவிட்சர்லாந்தின் காப்புரிமை அலுவலகமொன்றில் ஊழியராக இருந்த 26 வயது இளைஞர் ஐன்ஸ்டீன் இந்த முடிச்சை அவிழ்த்தார். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்றால், ஓடுகிறவரின் கடிகாரமும் நிற்கிறவரின் கடிகாரமும் ஒன்றாக ஓட முடியாது என்றார் அவர். நீளத்தின் அளவும் அப்படியே. எவ்வளவு வேறுபடும் என்பதற்குத் திட்டமான கணக்கும் கொடுத்தார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை. வான்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2 பங்குதான். அதற்குள் ஒளி வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் போகலாம். பிறப்பதோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். தரைக்கு ஒன்றுகூட வந்து சேர்வது அரிது. ஆனால் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்: ஏறக்குறைய வினாடிக்கு ஒரு மியூவான் அதன் வழியே பாய்ந்து போகிறது! எப்படி? வேகமாக ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. 1941-இல் அமெரிக்காவில் ரோசியும் ஹாலும் மலையில் ஒரு முறையும் தாழ்ந்த இடத்தில் ஒரு முறையும் இவற்றை எண்ணிப் பார்த்தார்கள். ஐன்ஸ்டீன் கணக்கோடு பொருந்தியது.

நம் மக்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போன பல குடும்பங்கள் கோலார் தங்கவயலில் பூமியைக் குடைந்தன. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய சுரங்கத்துக்குள்தான் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இறங்கி, மியூவான்கள் எவ்வளவு ஆழம் துளைக்கின்றன என்று எண்ணினார்கள். 1965-இல் அங்கே, 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. விஞ்ஞானியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி தோண்டியவனின் பெயர் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மியூவானோடு கூட ஓடுகிறவர் ஒருவர் இருந்தால் என்ன சொல்வார்? “என் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, தூரம்தான் சுருங்கிவிட்டது” என்பார். நாம் “நேரம் நீண்டது” என்கிறோம். அளவு இருவருக்கும் வேறு. ஆனால் மியூவான் தரையை அடைந்ததா? அடைந்தது என்பதில் இருவருக்கும் பேதமில்லை! ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும் கணக்கும் இருவருக்கும் ஒன்றே.

நெல்லாகக் கூலி அளந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளையும் அறிவார்கள். பெரிய மரக்காலில் பத்து, சின்ன மரக்காலில் பன்னிரண்டு என்று கணக்கு வேறுபடலாம். அதற்காக நெல்லே இல்லை என்று யாராவது சொல்வார்களா? இரண்டு மரக்காலுக்கும் உள்ள விகிதம் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது. ஐன்ஸ்டீன் அந்த விகிதத்தைக் கண்டு சொன்னவர். “அளவு மாறுகிறது, ஆகவே நெல் மாயை” என்பது பண்ணைக்காரர் பேச்சு. ஐன்ஸ்டீன் பேச்சு அல்ல.

வழி காட்டும் செல்போனைப் பாருங்கள். அதற்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடும். சார்பியல் கணக்கைக் கொண்டு அதைச் சரிசெய்கிறார்கள். செய்யாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் தவறு சேரும். செங்கத்துக்குப் போகிற வண்டிக்கு வழி தவறிவிடும்.

இன்னொன்று. பெரியவர் பெயரைச் சொல்லி வாதத்தை முடிக்கக் கூடாது. சூரியனருகே ஒளி வளைவதை 1919 கிரகணத்தின்போது அளந்து ஐன்ஸ்டீனுக்குப் புகழ் தேடித் தந்தவர் எடிங்டன். 1935-இல் லண்டனில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன இளைஞர் சந்திரசேகர் விண்மீன்களின் முடிவு பற்றிய தம் கணக்கை வைத்தபோது, அதே எடிங்டன் அதைக் கேலி செய்தார். முடிவில் சந்திரசேகர் கணக்கே நின்றது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. நம் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். சோவியத் நாட்டிலும் சில தத்துவவாதிகள் சார்பியலைக் கருத்துமுதல்வாதம் என்று சாடினார்கள். அறியாமையால் செய்யும் விமர்சனம் இது என்று 1953-இல் எதிர்த்து எழுதியவர் சோவியத் பௌதிக அறிஞர் ஃபோக். சொன்னவர் நம்மவர் என்பதால் தவறு சரியாகிவிடாது.

ஆகவே தோழர்களே, டீக்கடை வாதத்தை விட்டு ஓடாதீர்கள். “ஐன்ஸ்டீனே சொன்னார்” என்று ஒருவர் தொடங்கினால் மரியாதையோடு மூன்று கேள்வி கேளுங்கள். அளந்தது யார்? எதைக்கொண்டு அளந்தார்? தவறானால் எப்படித் தெரியும்? பதில் வந்தால் கற்றுக்கொள்வோம். வராவிட்டால், கூலி மாயை என்பவரிடம் நான்காவது கேள்வியும் கேட்கலாம்: “அப்படியானால் ஐயா, உங்கள் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுப்பீர்களா?”