பெயர் சூட்டும் அதிகாரம்: கொசோவோ விடுதலைப் படையும் ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லும்



நாம் இன்று நினைவுகூரும் தோழர், ஒரு சொல்லைக் கையில் எடுக்கும் முன் அது யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்கச் சொன்னவர். அந்தக் கேள்வியை நமக்குத் தொலைவில் உள்ள ஒரு மண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்த மண் கொசோவோ. கேள்வி இதுதான்: அல்பேனியர்களின் ஆயுதக் குழுவான கொசோவோ விடுதலைப் படையைப் பயங்கரவாத அமைப்பு என்று அழைப்பது சரியா?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூகோஸ்லாவியாவின் 1974ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் கொசோவோவுக்குத் தன்னாட்சி வழங்கியது. அங்கே அல்பேனியர்களே பெரும்பான்மை. 1989இல் மிலோசெவிச் தலைமையிலான செர்பியா அந்தத் தன்னாட்சியைப் பறித்தது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் எனப் பல்லாயிரம் அல்பேனியர்கள் வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்கள் உடனே துப்பாக்கி தூக்கவில்லை. இப்ராஹிம் ருகோவா என்ற எழுத்தாளரின் தலைமையில் பல ஆண்டுகள் அறவழியில் போராடினார்கள். வீடுகளில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தங்களுக்குள் வரி திரட்டி மருத்துவமனை நடத்தினார்கள். 1995இல் போஸ்னியப் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தத்தில் கொசோவோவின் கோரிக்கைக்கு இடமே இல்லை. துப்பாக்கி எடுத்தவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசை, அமைதியாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்ற பாடத்தை இளைஞர்கள் அங்கே கற்றார்கள். அந்த ஏமாற்றத்தில்தான் விடுதலைப் படை வளர்ந்தது. 1997இல் அல்பேனியாவில் அரசு நிலைகுலைந்து ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டபோது, துப்பாக்கிகளும் மலிவாகக் கிடைத்தன.

இனி அந்தச் சொல்லின் பயணத்தைப் பாருங்கள். 1998 பிப்ரவரி 23 அன்று ப்ரிஷ்டினாவில் அமெரிக்கத் தூதர் ராபர்ட் கெல்பார்ட், இது ஐயத்துக்கு இடமின்றிப் பயங்கரவாதக் குழு என்று அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் ட்ரெனிட்சா பகுதியின் லிகோஷான், சிரேஸ் கிராமங்களில் செர்பியக் காவல்படை இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மார்ச் முதல் வாரத்தில் ப்ரெகாஸ் கிராமத்தில் அடெம் யஷாரியின் குடும்பத்தாரும் உறவினர்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பயங்கரவாத ஒழிப்பு என்றது அரசு. அமெரிக்கத் தூதரின் சொல்தான் பச்சைக்கொடி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்பது தெரிகிறது. பயங்கரவாதியின் வீட்டில் இருக்கும் குழந்தை, குழந்தையாக எண்ணப்படுவதில்லை.

அதே மார்ச் மாதம் கெல்பார்ட் தம் நாட்டுப் பிரதிநிதிகள் முன் சற்றுப் பின்வாங்கினார். இவர்கள் பயங்கரவாதச் செயல்களைச் செய்தாலும், சட்டப்படி பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்படவில்லை என்றார். மார்ச் 31 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1160ஆம் தீர்மானம் செர்பியக் காவல்படையின் அத்துமீறலையும் விடுதலைப் படையின் பயங்கரவாதச் செயல்களையும் சேர்த்தே கண்டித்தது. ஜூனில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹோல்புரூக் யூனிக் என்ற ஊரில் விடுதலைப் படையினருடன் தரையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். 1999 பிப்ரவரியில் பிரான்சின் ராம்பூயே பேச்சுவார்த்தையில் அல்பேனியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அந்தப் படையின் ஹஷிம் தாச்சி. மார்ச் 24 அன்று நேட்டோவின் குண்டுவீச்சு தொடங்கியது. 78 நாள் நீடித்தது. அந்த நாட்களில் செர்பியப் படைகள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்களை எல்லைக்கு அப்பால் விரட்டின.

ஓராண்டுக்குள் பயங்கரவாதி கூட்டாளி ஆகிவிட்டார். இடையில் அந்தப் படையின் நடத்தை மாறியதா? இல்லை. வல்லரசின் தேவை மாறியது. 1919இல் மாக்ஸ் வெபர், நியாயமான வன்முறையின் மீது தனியுரிமை கோருவதே அரசு என்று வரையறுத்தார். எது நியாயமற்ற வன்முறை என்று பெயர் சூட்டும் உரிமையும் அந்தத் தனியுரிமைக்குள் அடக்கம் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

அப்படியானால் அந்தப் படை செய்ததெல்லாம் விடுதலைப் போர் என்று கைதட்டிவிட்டுப் போகலாமா? முடியாது, தோழர்களே. லாபுஷ்னிக் கிராமத்தில் 1998இல் அந்தப் படை ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. செர்பியர்களும், உளவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்ட அல்பேனியர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். சித்திரவதைக்கும் கைதிகள் ஒன்பது பேரின் கொலைக்கும் ஹராடின் பாலா என்ற காவலருக்கு ஹேக் தீர்ப்பாயம் 2005இல் 13 ஆண்டு சிறை விதித்தது. ஹேக்கில் இயங்கும் கொசோவோ சிறப்பு நீதிமன்றம், சக அல்பேனியர்களைச் சித்திரவதை செய்த சாலி முஸ்தஃபாவை 2022இல் போர்க்குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவராக இருந்த தாச்சியே 2020இல் பதவி விலகி அங்கே குற்றவாளிக் கூண்டுக்குப் போனார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார்.

போர் முடிந்த 1999 ஜூனில் யார் மீது பழி விழுந்தது என்பதையும் நாம் பேச வேண்டும். லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்களும் ரோமாக்களும் கொசோவோவை விட்டு ஓடினார்கள். ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். ‘ரோம்’ என்ற பெயரே ‘டோம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. டோம் யார் என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. செர்பிய அதிகாரிகள் போரின்போது ரோமாக்கள் சிலரைப் பிணம் புதைக்கும் வேலைக்கு இழுத்தார்கள். அந்த வேலைக்கு எந்த ஊரிலும் யாரை இழுப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பிறகு அதையே காரணம் காட்டி, துரோகிகள் என்று மொத்தச் சமூகத்தின் மீதும் முத்திரை குத்தப்பட்டது. கடத்தலிலும் அடி உதையிலும் விடுதலைப் படையினரின் கை இருந்ததை மனித உரிமை அமைப்புகள் அந்த ஆண்டே பதிவு செய்தன.

மித்ரோவிட்சாவில் ஏறத்தாழ 8,000 ரோமாக்கள் வாழ்ந்த குடியிருப்பு நேட்டோ படை ஊரில் இருக்கும்போதே சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. வீடிழந்த பல நூறு பேரை ஐ.நா. நிர்வாகம், த்ரெப்ச்சா சுரங்கத்தின் ஈயக் கழிவு குவிந்த நிலத்தருகே முகாம்களில் வைத்தது. தற்காலிகம் என்றார்கள். பத்தாண்டுக்கு மேல் ஆனது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. 2016இல் ஐ.நா.வின் சொந்த மனித உரிமை ஆலோசனைக் குழு அந்த நிர்வாகம் உரிமைகளை மீறியது என்று கூறியது. மறு ஆண்டு பொதுச் செயலாளர் வருத்தம் தெரிவித்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனி இழப்பீடு மட்டும் கிடைக்கவில்லை.

‘பயங்கரவாதி’ என்ற சொல் இந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ‘விடுதலை வீரர்’ என்ற சொல்லோ கேடு செய்தது. வீரருக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் துரோகி ஆகிறார். ஹராடினாய் வழக்கில் சாட்சிகள் அஞ்சி நடுங்கியதை ஹேக் நீதிபதிகளே பதிவு செய்தார்கள். சாட்சிகள் மிரட்டப்பட்ட காரணத்தால் மறுவிசாரணைக்கே உத்தரவிட வேண்டி வந்தது. அதன் முடிவிலும் விடுதலைதான்.

ஆகவே என் விடை இது. அந்தப் படையை மொத்தமாகப் பயங்கரவாத அமைப்பு என்று அழைக்கக் கூடாது. அந்தப் பெயர், உரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்களின் அரசியல் கோரிக்கையைக் குற்றமாக்குகிறது. கிராமத்தைக் கொளுத்தும் காவல்படைக்கு உரிமம் தருகிறது. அதே நேரம் செயல்களுக்கு அவற்றின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். கைதியைக் கொன்றால் போர்க்குற்றம். ரோமா குடியிருப்பைக் கொளுத்தினால் இனவெறி வன்முறை. ஹேக் தீர்ப்பாயம் செய்ததும் அதுதான். அது விடுதலைப் படையை ஆயுத மோதலின் ஒரு தரப்பு என்று ஏற்றது, பிறகு அதன் ஆட்களைப் போர்ச் சட்டத்தின் கீழ் விசாரித்தது. செர்பியத் தளபதிகளை நிறுத்திய அதே கூண்டில், அதே சட்டத்தின் கீழ் நிறுத்தியது. பயங்கரவாதம் என்ற சொல் அரசின் கையில் இருக்கும்போது அரசின் குற்றம் அதற்குள் வருவதில்லை. போர்க்குற்றம் என்ற சொல் சீருடை பார்ப்பதில்லை.

ஒடுக்கப்பட்டவர் ஆயுதம் எடுத்தால் உலகம் இரண்டு பெயர்களை நீட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒடுக்கப்பட்டவருக்கும் கீழே ஒருவர் இருப்பதை இரண்டு பெயர்களும் மறைக்கின்றன. ஒரு போராட்டத்தை எடைபோட நான் முதலில் அவரிடம்தான் போவேன். கொசோவோவில் அவர் ஈயக் கழிவின் மேல் குடியிருந்தார்.

ஜெய்பீம்.